முந்தியை முடித்த குற்றம்

மாணிக்கவேலுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் வாசல்வரை நடக்க வேண்டும். வாசலுக்குப் போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்ப வேண்டும். ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்பவர்களில் நிதானஸ்தர் என்று பெயரெடுத்த மனுஷன் அவர். இடி விழுந்தாலும் எந்தத் தெருவில் விழுந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று சக வியாபாரிகள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவர் இப்போது வாயில் பிரஷ்ஷோடு தெருவில் வந்து நிற்கிறார். காபியைத் தானே ஆறவிட்டுவிட்டு, "இன்னா ராஜம், காபி ஜில்லுனு இருக்குது?" என்று பெண்டாட்டியிடம் எரிந்து விழுகிறார். இத்தனைக்கும் அவர்மேல் எந்த வழக்கும் கிடையாது. புகார் கொடுத்தவரே அவர்தான்.

வழக்கு மதிவதனி மேல். தேசூர்ப் பெண். அவளுடைய அப்பா சின்னதுரைக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது, கூலி வேலைதான். அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் அவள். கைத்தறி டிப்ளமோ முடித்த கையோடு மாணிக்கவேலிடம் டிசைன் போடச் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அட்டை அட்டையாகத் துளை போட்டுத் தறிமேல் தொங்கவிடுவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, பென் டிரைவில் ஏற்றி, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் செருகினால் ஆயிற்று. டிசைன் எல்லாம் இணையத்தில் ஒரு கணக்கில் பத்திரமாக இருக்கும். பத்திரம் என்பது அந்தக் கணக்கை விற்ற கம்பெனிக்காரன் சொல்வது. மாணிக்கவேலோ தறிக்கொட்டகை சத்தத்தில் எதிராளிக்குக் காது கேட்க வேண்டுமே என்று, பாஸ்வேர்டைப் போனில் தெருவே கேட்கிற மாதிரி ஓர் எழுத்து விடாமல் கத்திச் சொல்லுவார். அவரைப் பொறுத்தவரை அது கொட்டகைச் சாவி மாதிரி. வேலை செய்கிறவர்கள் கையில் இருப்பதுதான் அதற்கு அழகு.

தறித்தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தறிக்காரர் ஒரு முதலாளியை விட்டு இன்னொரு முதலாளியிடம் போவதென்றால், தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூலை நெய்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு கை அடித்த நெசவில் பாதியில் இன்னொரு கை வந்து உட்கார்ந்தால் சேலை காட்டிக் கொடுத்துவிடும். அதனால் என்னதான் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு விலகினாலும், தறிக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தினமும் வருவார். முதலாளியும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார். பாவு முடிகிற வரைக்கும் அந்தக் கதவு அவருக்குத் திறந்ததுதான். இதை யாரும் எழுதி வைத்ததில்லை, மீறினதும் இல்லை.

மதிவதனி சேத்துப்பட்டில் ஒரு பவர்லூம் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டுக்குப் பக்கம், போகிறேன் என்று வந்து நின்றாள். மாணிக்கவேலுக்கு வயிறு எரிந்தது. கைத்தறியில் பார்த்துப் பார்த்து நெய்கிற டிசைனை அடுத்த வாரமே காப்பியடித்து மலிவாகக் கொட்டுகிற ஆட்கள் பவர்லூம்காரர்கள் என்பது அவருடைய தீர்மானம். அங்கேயா போகிறாள்! இதுதான் மவுஸ் என்று தான் காட்டிக் கற்றுக்கொடுத்த பெண்! அவருக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான் என்பது அந்த ஆத்திரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அவள் சொல்லிக்கொள்ள வந்தபோது கொட்டகையில் வேறு யாரும் இல்லை. தாமரைக்குளம் என்று பெயர் வைத்திருந்த ஒரு கல்யாணச் சேலை அப்போது தறியில் ஓடிக்கொண்டிருந்தது. உடம்புக்கும் கரைக்கும் டிசைன் முடிந்திருந்தது. முந்தி மட்டும் பாதியில் நின்றது. மாணிக்கவேல் தலை நிமிராமல் சொன்னார்.

"போறது போற, முந்திய முடிச்சிட்டுப் போ. பாவு தறிமேல கெடக்குது."

"சரி சார். போயி ஒக்காந்து முடிச்சு அதே கணக்குல ஏத்திடறேன்."

"எங்க ஒக்காந்தா எனக்கின்னா? முடி."

அவ்வளவுதான் பேச்சு.

ரெண்டு மூன்று நாள் கழித்து அவர் போனில் ஓர் எச்சரிக்கை வந்தது. உங்கள் கணக்கில் புதிய கம்ப்யூட்டரிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள், இடம் சேத்துப்பட்டு. மாணிக்கவேலுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அந்தக் கம்பெனியிலேயே உட்கார்ந்து என் டிசைனை எடுக்கிறாள்! அதே மத்தியானம் அவள் ரெண்டு தடவை போன் செய்தாள். அவர் ரெண்டு தடவையும் வெட்டிவிட்டார்.

நேராகத் தன் சிநேகிதர் வக்கீல் குமரேசனிடம் போனார். குமரேசன் புகாரை எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில் பேனாவை நிறுத்திக் கேட்டார்.

"வேலைய வுட்டப்புறம் உள்ள போறதுக்கு நீ எதுனா அனுமதி குடுத்தியா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மாணிக்கவேலுக்கு ஞாபகம் வந்தது. முந்தியை முடிச்சிட்டுப் போ என்று தான் சொன்னது, எங்கே உட்கார்ந்தாலும் எனக்கென்ன என்று முறைத்தது, எல்லாமே கண்ணாடி மாதிரி ஞாபகம் வந்தது. வந்ததை அப்படியே உள்ளே தள்ளினார்.

"இல்லையே" என்றார்.

அவர் ஒன்றும் ராட்சசன் இல்லை. அவர் போட்ட கணக்கு வேறு. ஆரணியில் வியாபாரிகளுக்குள் ஸ்டேஷன் புகார் என்பது வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. பாவு விஷயத்தில் தகராறு, ஜரிகை விஷயத்தில் தகராறு என்றால் ஒரு புகார் எழுதிக் கொடுப்பார்கள். ஸ்டேஷனிலிருந்து ஆள் போகும். எதிராளி வேர்த்து விறுவிறுத்து வருவான். யாராவது நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பேசி, டீ குடித்து, அன்றைக்கே முடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். மதிவதனியும் வருவாள், அவளுடைய அப்பாவும் வருவார், நாலு திட்டு திட்டி, நாளையிலிருந்து ஒழுங்காக வேலைக்கு வா என்று கூட்டிக்கொண்டு போய்விடலாம். அவள் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் சத்யப்ரியா இந்த ஊருக்குப் புதுசு. இந்த டீ குடிக்கிற வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. புகாரைப் படித்தார், போனில் வந்த எச்சரிக்கையைப் பார்த்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் நாற்பத்து மூன்றோடு சேர்த்து அறுபத்தாறு என்று எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார். சேத்துப்பட்டுக்கு ஜீப் போனது. அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரை எடுத்து சீல் வைத்துச் சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மாதங்கள் ஆகும் என்றார்கள். மதிவதனியை விசாரித்து, ஜாமீனில் விட்டார்கள். கம்பெனிக்காரர் அன்றைக்கே அவளுக்கு வாசலைக் காட்டிவிட்டார். நாலு பேரும் வரவில்லை, டீயும் வரவில்லை.

மாணிக்கவேலுக்கு உதறல் எடுத்தது அதற்குப் பிறகுதான். தறிக்காரர் அருணகிரி முந்தி டிசைன் கேட்டு வந்து நின்றார். மாணிக்கவேல் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டுக் கணக்கைத் திறக்கச் சொன்னார். திறந்தால், தாமரைக்குளம் முழுதாக முடிந்து இருந்தது. இலைமேல் உட்கார்ந்த தவளைக்குக்கூடக் கண் வைத்திருந்தாள். நெய்து பார்த்துவிட்டு அருணகிரி கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்து வெயிலில் விரித்தார்.

"யாரு போட்டதுங்க இது? கைல எடுத்துத் தண்ணி குடிக்கலாம் போலருக்குது."

மாணிக்கவேல் உள்ளே போனார். போனவர் உடனே வெளியே வந்தார். அன்றைக்கு ஆரம்பித்த நடைதான் இது.

ஒரு நாள் காலையில் சின்னதுரை வந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ராஜம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அதை அவர் தொடவில்லை.

"சண்டைக்கு வரல மொதலாளி. ஒரே ஒரு கேள்வி. முடிச்சிட்டுப் போன்னு எம்பொண்ணுகிட்ட சொன்னீங்களா, இல்லீங்களா?"

"கேஸு, கோர்ட்டுன்னு ஆயிப்போச்சு சின்னதுரை. இப்ப நான் எதுவும் பேசக்கூடாதுன்னு வக்கீலு சொல்லிகினு இருக்காரு."

"வக்கீல நான் கேக்கலீங்களே. ஒங்களத்தானே கேட்டேன்."

மாணிக்கவேல் ஃபேனைப் பார்த்தார். சின்னதுரை பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். மதிவதனி எழுதிய அரசாங்கப் பரீட்சையில் தேறிவிட்டாள். கைத்தறித் துறையில் வேலை. ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் போலீஸ் விசாரணை வைத்துச் சான்று கேட்பார்களாம். கேஸ் நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதினால், அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"எங்க சனத்துல இந்த மாதிரி வேலைக்குப் போற மொத ஆளு அது. அவ்ளோதாங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ராஜம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"சும்மா பேஜார் பண்ணாத ராஜம்."

"அப்ப சொல்லிகீறீங்க" என்று தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே மாணிக்கவேல் ஸ்டேஷனுக்கு ஓடினார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். சத்யப்ரியா கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"கடையில வாங்கின சேலையா சார், பிடிக்கலைன்னு திருப்பித் தர? எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போயாச்சு. சமரசம் பேசறதுன்னா கோர்ட்லதான் பேசணும், ரெண்டு பேரும் ஒத்துக்கணும்."

"சின்னப் பொண்ணுங்க அது. ஏதோ தெரியாம..."

"தெரியாமயா, தெரிஞ்சான்றதுதான் கேஸே. அனுமதி இல்லாம அடுத்தவங்க கம்ப்யூட்டர் கணக்குல நுழைஞ்சா நாற்பத்து மூணு. நஷ்ட ஈடு கேக்கலாம். அதையே நேர்மை இல்லாம, ஏமாத்தற எண்ணத்தோட செஞ்சா அறுபத்தாறு. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம். அந்தப் பொண்ணு, சார்தான் முடிக்கச் சொன்னாருன்னு எழுதிக் குடுத்திருக்கு. நீங்க அனுமதியே குடுக்கலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. பேசும்போது ரெண்டு பேர்தான் இருந்தீங்களாம். நான் யாரை நம்பறது?"

மாணிக்கவேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சமரசம் என்ற வார்த்தை மட்டும் அவருக்குக் காதில் இனிப்பாக விழுந்திருந்தது. காரை எடுத்துக்கொண்டு தேசூருக்குப் போனார். மதிவதனி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பழைய மரியாதை போகவில்லை. சிரிப்பு மட்டும் இல்லை.

"கோர்ட்ல ஒரு கையெழுத்து போட்டுடலாம்மா. சமரசம்னு. நீயும் போடு, நானும் போடறேன். செலவு எல்லாம் என்னுது."

"நான் போட மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"சமரசம்னா இன்னா அர்த்தம்? நான் திருடுனேன், நீங்க பெரிய மனசு பண்ணி வுட்டுட்டீங்கன்னுதானே ஊர்ல பேசுவாங்க? நான் திருடல. பாவு தறிமேல இருக்கசொல்ல முந்திய பாதில வுட்டுட்டு எப்டி சார் போறது? எங்க வூட்ல கம்ப்யூட்டர் கிடையாது. அந்தக் கம்பெனில மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஒக்காந்து போட்டேன். முடிச்சதும் சொல்லலாம்னு போன் பண்ணேன். நீங்க எடுக்கல."

அந்தப் பெண் சாப்பிடாமல் உட்கார்ந்து அந்தத் தவளைக்குக் கண் வைத்திருக்கிறாள்.

"இப்ப நான் இன்னா பண்ணணும்ன்ற?"

"நீங்க சொன்னத சொல்லுங்க. புதுசா ஒண்ணும் வேணாம்."

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். சேத்துப்பட்டில் இறங்கி டீ வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு ஏறினார். சொன்னால் என்ன ஆகும்? ஊரில் மூஞ்சி போகும். ஒரு பெண்மேல் பொய்ப்புகார் கொடுத்தவன் என்று தறிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். சொல்லாவிட்டால்? அவள் வேலை போகும். தராசில் வைத்தால் எது கனம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் தராசைப் பிடிக்கிற கை தன்னுடையதாக இருக்கும்போது அது ஆடத்தான் செய்கிறது.

குமரேசன் ஒரு வழி சொன்னார். வக்கீல்கள் எதற்கு இருக்கிறார்கள்?

"தெரிஞ்சே மறைச்சேன்னு மட்டும் சொல்லிடாத. பொய்த் தகவல் குடுத்ததுக்கு உன்மேல திரும்பும். மறந்துட்டேன், இப்பதான் ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லு. வயசாச்சு, நாலு தறிக்காரங்ககிட்ட நாப்பது வார்த்தை பேசறவன் நீ. யாரு இல்லன்னுவாங்க? பொண்ணும் தப்பிச்சுக்கும், நீயும் தப்பிச்சுக்குவ."

மாணிக்கவேலுக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. இவ்வளவு சுலபமான வழியை விட்டுவிட்டா இத்தனை நாள் நடந்தோம் என்று தன்னையே கடிந்துகொண்டார். அன்றைக்குச் சாப்பாடுகூட ஒழுங்காக இறங்கியது.

மறுநாள் ஸ்டேஷனில் மதிவதனியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். குமரேசன் மாணிக்கவேலுக்குப் பக்கத்து நாற்காலி. மாணிக்கவேல் சொல்ல வேண்டியதைத் தடுமாறாமல் சொன்னார். கடைசி நாள் அவள் சொல்லிக்கொள்ள வந்தாள். முந்தியை முடித்துவிட்டுப் போ என்று சொன்னேன். அதே கணக்கில் ஏற்றுகிறேன் என்றாள். எங்கே உட்கார்ந்தாவது முடி என்றேன். அப்படித்தான் முடித்திருக்கிறாள். அவள் எதையும் எடுக்கவில்லை.

சத்யப்ரியா தட்டச்சு செய்துகொண்டே கேட்டார். "புகார்ல இது ஏன் இல்லை?"

"அன்னைக்கு... மறந்துட்டேங்க."

இன்ஸ்பெக்டர் அதையும் அடித்தார். பிறகு முழுதையும் உரக்க வாசித்துக் காட்டினார். "மேற்படி பேச்சை நான் மறதியின் காரணமாகப் புகாரில் குறிப்பிடாமல் விட்டுவிட்டேன். மற்றபடி எனக்கு எந்த உள்நோக்கமும் இல்லை."

அந்த வரி வந்தபோது மதிவதனி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் நன்றியோடு பார்த்தாள். மறந்துதான் விட்டார் போலிருக்கிறது, பாவம், வேண்டுமென்று செய்யவில்லை என்று அவள் நம்பிவிட்டாள். தோளில் இருந்ததை இறக்கி வைத்தவள் மாதிரி அவள் முகம் இளகியது. இத்தனை நாள் அவளை வதைத்தது வழக்கு மட்டுமில்லை, நமக்குத் தெரிந்த மனுஷன் இப்படிச் செய்வாரா என்ற கேள்வியும்தான் என்று மாணிக்கவேலுக்கு அப்போது விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தார்.

"மறதின்னு போடாதீங்கம்மா."

குமரேசன் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தார். மாணிக்கவேல் காலை இழுத்துக்கொண்டார்.

"ஞாபகம் இருந்துச்சுங்க. புகாரு எழுதசொல்லவே ஞாபகம் இருந்துச்சு. அந்தப் பொண்ணு போறது எனக்குப் பொறுக்கல. அதுவும் அங்க போறா. ஸ்டேஷனுக்கு வரவெச்சு நாலு திட்டு திட்டி, மறுபடியும் கூட்டிகினு வந்துடலாம்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்லீங்க. ஆனா தெரிஞ்சேதான் மறைச்சேன்."

சத்யப்ரியா நாற்காலியில் சாய்ந்தார்.

"தெரிஞ்சே பொய்த் தகவல் குடுக்கறது குற்றம். உங்கமேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி நான் கோர்ட்டுக்கு எழுத வேண்டி வரும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எழுதுங்க."

திரும்பத் தட்டச்சு ஆயிற்று, திரும்ப வாசித்தார்கள், கையெழுத்தும் ஆயிற்று. மதிவதனி மீதான வழக்கைக் கைவிடச் சொல்லிக் கோர்ட்டுக்கு அறிக்கை ஜல்தியாகவே போகும், போலீஸ் சான்றுக்குத் தடை இருக்காது என்று இன்ஸ்பெக்டர் அவளிடம் சொன்னார். அவள் தலையசைத்தாள். அந்த நன்றிப் பார்வை போய்விட்டிருந்தது. மாணிக்கவேல் அதைத் தேடிப் பார்த்தார், இல்லை.

வெளியே வந்ததும் குமரேசன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். மதிவதனி சேத்துப்பட்டு பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நின்றாள். மாணிக்கவேல் ரோட்டைக் கடந்து அவளிடம் போனார். மார்பில் இருந்த பாரம் இறங்கிய சந்தோஷத்தில், இந்தப் பெண்ணுக்கு எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று தவித்தார். கொடுக்கத் தெரிந்த ஒன்றைத்தான் கொடுத்தார்.

"மதி, வேலைல சேந்தப்புறமும் நீ எப்ப வேணா வரலாம். கொட்டகை, கம்ப்யூட்டரு, எல்லாம் ஒன்னுதுன்னு நெனச்சுக்க. ஒன்ன யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க."

பஸ் வந்து நின்றது. அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். குரலில் கேலி இல்லை, குத்தலும் இல்லை. ஆபீஸில் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அத எழுதிக் குடுப்பீங்களா சார்?"

மாணிக்கவேல் வாயைத் திறந்தார். அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவள் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.